புளியங்கொட்டையை எண்ண வைத்தால் கணக்கு வந்துவிடுமா?

ஈராசிரியர் பள்ளி ஒன்றில், முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தும் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எல்லாப் பயிற்சியிலும் செயல்பாடு, செயல்பாடு என்கிறார்கள். பிள்ளைகளும் ஆர்வமாகச் செய்கிறார்கள். ஆனால் குச்சியை எடுத்து வைத்துவிட்டால் 32-இலிருந்து 7-ஐக் கழிக்கத் தெரியவில்லை. சத்தம் அதிகம், நேரம் போதவில்லை, நோட்டில் ஒன்றுமே இல்லையே என்று பெற்றோர் கேட்கிறார்கள். கையால் செய்து கற்பது உண்மையிலேயே பயன் தருமா? தரும் என்றால் எங்கே தொடங்குவது?"

பயன் தரும். ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கையில் பொருளைக் கொடுப்பது வேறு, கையால் கற்பது வேறு. ஒரு செயல்பாட்டைத் திட்டமிடும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: இதில் பிள்ளை எதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது? நாம் சொன்னபடி எடுத்து, சொன்னபடி வைத்து, சொன்னபடி ஒட்டினால் கைக்கு வேலை கிடைத்தது, மூளைக்குக் கிடைக்கவில்லை.

எல்லாப் பள்ளிகளிலும் பார்க்கக்கூடிய ஒரு செயல்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் பெரிதாக 'அ' எழுதிக் கொடுத்து, அதன் மேல் பசை தடவிப் புளியங்கொட்டையோ பயறோ ஒட்டச் சொல்வது. அரை மணி நேரம் போகும். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும், பார்வையிட வருபவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் 'அ' எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழன்று எங்கே முடிகிறது என்பதை அந்த அரை மணியில் பிள்ளை ஒருமுறைகூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கீழிருந்து மேலாகவும் ஒட்டலாம், நடுவிலிருந்தும் ஒட்டலாம். அதற்குப் பதிலாக ஐந்தே நிமிடம் ஒரு தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னால், ஒவ்வொரு முறையும் தொடக்கத்தையும் திசையையும் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். தவறினால் தட்டை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுபடி எழுதலாம், அழிரப்பர் தேவையில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் காலங்காலமாக இருந்த முறை இதுதான். எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பில் 1789 முதல் இருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தரும் ஏற்பாட்டோடு சேர்த்து அதை 1797-இல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகள் அதைப் பின்பற்றின. மணல்தட்டு வைத்திருப்பதற்காக யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். 32-இலிருந்து 7 என்பது இரண்டாம் வகுப்புச் சிக்கல்போலத் தெரியும். பெரும்பாலும் அது முதல் வகுப்பிலேயே விட்டுப்போனதுதான்.

முதலில் இரண்டு சிறிய சோதனைகள் செய்து பாருங்கள். பிள்ளையிடம் எட்டுக் கூழாங்கற்களை எண்ணச் சொல்லுங்கள். "எட்டு" என்று முடித்தவுடன், "ஆக மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தத்தைக் குறிக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் புரியவில்லை. அடுத்து, ஆறு ஆறு கற்களாக இரண்டு வரிசை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டு, "இப்போது எதில் அதிகம்?" என்று கேளுங்கள். பரப்பிய வரிசையைக் காட்டும் பிள்ளைகள் முதல் வகுப்பில் நிறையப் பேர் இருப்பார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. அந்தப் பிள்ளை மக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிகிற நீளத்தை நம்புகிறது, அவ்வளவுதான். "தப்பு, இரண்டும் ஒன்றுதான்" என்று நாம் சொல்வதால் அது மாறாது. அடுக்கியும் கலைத்தும் ஒன்றுக்கு ஒன்றாக இணை சேர்த்தும் தானே பார்த்துப் பார்த்துத்தான் மாறும்.

இந்தக் கட்டத்துக்கு நான் மிகவும் நம்பும் விளையாட்டுக்கு ஒரு கொட்டாங்குச்சியும் பத்துக் கற்களும் போதும். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து எட்டுக் கற்களை எண்ணி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் கண்ணை மூட, மற்றவர் சிலவற்றைக் கொட்டாங்குச்சியால் மூடுவார். வெளியே ஐந்து தெரிகிறது, உள்ளே எத்தனை? முதல் வாரத்தில் விரல்விட்டு எண்ணுவார்கள். பிறகு, வெளியே ஐந்து என்றால் உள்ளே மூன்று என்று பார்த்தவுடனே சொல்வார்கள். பொருள் அங்கேயே இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு மறைந்திருக்கிறது. இல்லாததை மனதில் வைத்துக் கணக்கிட வேண்டிய கட்டாயம் அங்கே வந்துவிடுகிறது. குச்சியை எடுத்துவிட்டால் கணக்கு நின்றுபோகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கான மருந்து இதுதான். பொருளை ஒரே நாளில் பறிக்கக் கூடாது. முதலில் மறைக்க வேண்டும்.

பல்லாங்குழியையும் இதே கண்ணோடு பாருங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒரு குழியிலுள்ள முத்துகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறோம். வெறுமனே ஆடினால் எண்ணும் பழக்கம் வரும். "எடுப்பதற்கு முன்னால், கடைசி முத்து எந்தக் குழியில் விழும் என்று விரல் வைத்துக் காட்டு" என்ற ஒரு விதியைச் சேர்த்துவிட்டால் அது முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் கணக்காகிவிடும். பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டிக்கொள்ளலாம், அல்லது முட்டை அட்டை போதும்.

இப்போது பத்துகள். தென்னை ஈர்க்குச்சியோ ஐஸ் குச்சியோ எடுத்து, பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் வளையம் போட வேண்டும். கட்டுகளை நீங்களே கட்டிக் கொண்டுவராதீர்கள். பிள்ளைதான் கட்ட வேண்டும், அவிழ்க்கவும் வேண்டும். ஒரு கை நிறையக் குச்சி அள்ளச் சொல்லி, எத்தனை இருக்கும் என்று ஊகித்து எழுதவைத்து, பிறகு எண்ணச் சொல்லுங்கள். நாற்பதுக்கு மேல் போனால் எண்ணிக்கை தடுமாறும், பக்கத்துப் பிள்ளை பேச்சுக் கொடுத்தால் விட்ட இடம் மறந்துபோகும். அப்போதுதான் பத்துப் பத்தாகக் கட்டிவைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனைக்குத் தேவை பிறக்கிறது. தேவை பிறக்காமல் கட்டச் சொன்னால், அது இன்னொரு கைவேலை மட்டுமே.

பிறகு கடை விளையாட்டு. ஒரு பிள்ளையிடம் மூன்று கட்டும் இரண்டு உதிரியும் இருக்கின்றன. வாடிக்கையாளர் வந்து ஏழு குச்சி கேட்கிறார். உதிரியாக இருப்பது இரண்டுதான்; மேலே? இங்கே வாயைத் திறக்காமல் காத்திருங்கள். ஆசிரியருக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. சில பிள்ளைகள் ஒரு கட்டை அவிழ்த்து, பன்னிரண்டு உதிரியிலிருந்து ஏழைக் கொடுத்து, கையில் இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் வைத்துக்கொள்ளும். வேறு சில பிள்ளைகள் முழுக் கட்டையே நீட்டிவிட்டு, "மீதி மூன்றைத் திருப்பிக் கொடு" என்று கேட்கும். அதுவும் 25-இல்தான் முடிகிறது. பாடநூலில் அந்த வழி இல்லை என்பதற்காகத் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். சில்லறை கொடுத்து வாங்கிப் பழகிய வீட்டிலிருந்து வந்த அறிவு அது. இரண்டு பிள்ளைகளையும் முன்னால் வரவழைத்து, தாங்கள் செய்ததை வகுப்புக்குச் சொல்ல வையுங்கள். 'கடன் வாங்குதல்' என்று நாம் கரும்பலகையில் செய்வது உண்மையில் ஒரு கட்டை அவிழ்ப்பது மட்டுமே என்பது அன்றைக்கு விளங்கிவிடும்.

அதே நாளில் சிலேட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒரு கட்டுக்கு ஒரு நீண்ட கோடு, ஓர் உதிரிக்கு ஒரு புள்ளி. மூன்று கோடு, இரண்டு புள்ளி. ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்கிறோம். அதற்குப் பக்கத்தில்தான் எண்களால் எழுதும் கழித்தல் வர வேண்டும். செயல், படம், குறியீடு என்ற மூன்று நிலைகளை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் எழுதியது பயிற்சி வகுப்பில் உங்கள் காதில் விழுந்திருக்கும். நடைமுறையில் நாம் தவறவிடுவது நடுவில் இருக்கும் படத்தை. குச்சியிலிருந்து நேரே எண்ணுக்குத் தாவுகிறோம். பிள்ளையால் தாவ முடிவதில்லை. குச்சியை எடுத்தால் கணக்கு வரவில்லை என்ற உங்கள் குறையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

பொருட்களின் வரிசையும் முக்கியம். பத்துக் குச்சிக் கட்டு, ஒரு குச்சியைவிடப் பத்து மடங்கு பெரிதாகவே கையில் தெரிகிறது. பத்து ரூபாய் நோட்டு ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருப்பதில்லை. அதன் மதிப்பு நாம் ஒப்புக்கொண்ட ஒன்று. மணிச்சட்டத்தில் பத்துக்கும் ஒன்றுக்கும் ஒரே அளவு மணி. இருக்கும் கம்பிதான் மதிப்பைச் சொல்கிறது. ஆகவே கட்டு முதலில், பணம் அடுத்து, மணிச்சட்டம் அதற்குப் பிறகு. மணிச்சட்டத்தில் தொடங்கும் பிள்ளை மணியைத் தள்ளக் கற்றுக்கொள்ளும். ஆனால் இருபத்து மூன்றை 203 என்று எழுதும் பிள்ளைக்கு அதனால் தெளிவு பிறக்காது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரண்டு கட்டையும் மூன்று உதிரியையும் கண்முன் வைத்து, எதற்காக அங்கே ஒரு சுழியம் போட்டாய் என்று பேசிப் பார்ப்பது.

அளவைகளுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தாழ்வாரத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரையும் அடி வைத்து அளக்கச் சொல்லுங்கள். வேறு வேறு எண் வரும், சண்டை வரும். அந்தச் சண்டையிலிருந்துதான் மீட்டர் அளவுகோலுக்குப் போக வேண்டும். குடத்துக்கு எத்தனை டம்ளர் பிடிக்கும் என்பதிலும் அப்படியே: ஊற்றும் முன் ஒவ்வொருவருடைய ஊகத்தையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். ஊகம் எழுதாத அளவை வெறும் தண்ணீர் விளையாட்டு.

தமிழுக்கு மணல்தட்டு தொடக்கம் மட்டுமே. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று கணக்குச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுகிறோம். உண்மையில் மெய்யும் உயிர்க்குறியும் சேரும் விதம் பிடிபட்டுவிட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். பிடிபடாமல் நிற்கும் இடம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும். 'பெ' என்று சொன்னால் காதில் 'ப்' முதலில் கேட்கிறது, 'எ' பின்னால் கேட்கிறது. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. காதை நம்பும் பிள்ளை எழுத்துக்குப் பின்னால்தான் கொம்பைப் போடும். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

இதற்கு அறையின் குறுக்கே ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், துணி உலர்த்தும் கிளிப்புகள் சில. ப, ம, க, த என்று எழுத்து அட்டைகள். கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனி அட்டைகள். நீங்கள் 'ப' அட்டையை மாட்டிவிட்டு 'பெ' என்று சொன்னால், கொம்பை வைத்திருக்கும் பிள்ளை ஓடிவந்து எந்தப் பக்கம் மாட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும். 'பொ' என்றால் இருவர் வர வேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம். சரியா என்று நீங்கள் சொல்லாதீர்கள், வகுப்பு படித்துப் பார்த்துச் சொல்லட்டும். பிள்ளைகளையே அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வதும் உண்டு. அதில் வகுப்பைப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கு இடமும் வலமும் மாறிப்போவதால் எனக்குக் கயிறுதான் பிடிக்கும்.

ஒலி வேறுபாட்டுக்குப் படங்கள் போதும். புலி ஒரு படம், புளி ஒரு படம். நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல, பிள்ளை படத்தை உயர்த்திக் காட்டட்டும். பிறகு ஒரு பிள்ளை சொல்லட்டும், மற்றவர்கள் காட்டட்டும். தான் புளி என்று நினைத்துச் சொல்லியும் வகுப்பு முழுவதும் புலியைக் காட்டினால், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்ற தேடல் அந்த நொடியே தொடங்கிவிடும். எத்தனை முறை நாம் திருத்தினாலும் கிடைக்காத கவனம் அது.

சூழ்நிலையியலுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அது ஒருபோதும் ஏமாற்றியதில்லை. மூன்று கொட்டாங்குச்சிகளில் மண் போட்டுப் பச்சைப்பயறு ஊன்றுங்கள். ஒன்றுக்குத் தண்ணீர் கிடையாது. மற்ற இரண்டுக்கும் தண்ணீர் உண்டு. ஆனால் ஒன்றை வெளிச்சத்தில் வையுங்கள், இன்னொன்றைப் பானையால் மூடிவிடுங்கள். எது நன்றாக வளரும் என்று முன்கூட்டியே கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையை எழுதிவிடுங்கள். இருட்டில் இருப்பது முளைக்கவே முளைக்காது என்பார்கள் பலர். ஒரு வாரம் கழித்துப் பானையைத் தூக்கினால், வெளிச்சத்தில் இருந்ததைவிட உயரமாக, வெளுத்து, மெலிந்து நிற்கும். "உயரமாக இருக்கிறதே, அப்படியானால் இதுதான் நன்றாக வளர்ந்ததா?" என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். அந்த வாக்குவாதத்தில் நடப்பதுதான் அறிவியல்.

இனி அறை நிர்வாகம். கல்வி உரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. அதாவது ஐந்து வகுப்புக்கு இருவர். எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே செயல்பாட்டில் இறக்கினால் சத்தமும் குழப்பமும்தான் மிஞ்சும். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விடை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் பரவியது. கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் செயல்பாட்டு அட்டைகள், தரையில் வட்டமாக உட்காரும் குழுக்கள், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. ஆசிரியர் துணையோடு ஒரு குழு, சக மாணவர் துணையோடு ஒரு குழு, தானே கற்கும் குழு என்ற பிரிவு அதன் உயிர்நாடி. அட்டையை எடு, செய், ஏணியில் குறி, அடுத்த அட்டை என்று அது வெறும் சடங்காகிப் போன வகுப்புகளும் உண்டு. முடிவெடுக்கும் வேலை அட்டைக்குப் போய்விட்டால் நடப்பது அதுதான். ஆனாலும் அந்தக் குழுப் பிரிவை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடிப்படை எண்ணறிவுக்கும் எழுத்தறிவுக்குமாக 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளையும் அதே பிரிவோடு பொருத்திக்கொள்ளலாம்.

செய்முறை இதுதான்: புதிய பொருள், புதிய கருத்து எதுவானாலும் உங்களோடு உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு மட்டும். மற்ற இரு குழுக்களும் ஏற்கெனவே பழகிய விளையாட்டை ஆட வேண்டும்: கொட்டாங்குச்சி, பல்லாங்குழி, கயிறு. பழகியதைச் செய்யும் பிள்ளை உங்களை அழைக்காது. பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஆனதும் குழு மாறட்டும். புதிய பொருளைக் கொண்டுவரும் முதல் நாளில் எதையும் கற்பிக்காதீர்கள், ஆசை தீர விளையாடட்டும். அந்த ஆசை அடங்காமல் பாடம் தொடங்கினால் குச்சி வாளாகத்தான் மாறும். பொருட்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் விடுங்கள். அதுவே ஒரு கணக்கு வேலை. சத்தத்தைப் பற்றிக் கவலை வந்தால் பக்கத்தில் போய்க் காது கொடுங்கள். "இல்லை, ஏழுதான்", "நீ ஒன்றை விட்டுவிட்டாய்" என்று கேட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பொருள் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எண்ணிப் பழகக் கொடுத்துவிடாதீர்கள். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் இருக்கிறது. ஆமணக்கு விதையும் அப்படித்தான். புளியங்கொட்டை, பெரிய கூழாங்கல், சோழி, பாட்டில் மூடி இவை போதும். சிறிய விதைகளை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது என்பதால், ஒன்றாம் வகுப்புக்குப் புளியங்கொட்டையைக்கூட உங்கள் கண்பார்வையில் மட்டுமே கொடுங்கள்.

பெற்றோர் நோட்டைப் பார்ப்பது நியாயம்தான். தங்களுக்குக் கிடைக்காத படிப்பு பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருக்கும் ஒரே சன்னல் அது. ஒவ்வொரு செயல்பாட்டின் முடிவிலும் இரண்டு நிமிடம் ஒதுக்கி, பிள்ளை தன் நோட்டில் ஒரு படமும் ஒரு வரியும் எழுதட்டும். மூன்று கோடு, இரண்டு புள்ளி, பக்கத்தில் 32 − 7 = 25. முளைத்த பயறின் படம், கீழே "இருட்டில் வெளுத்தது". நோட்டும் நிறையும், நீங்கள் தேடும் அந்த நடுப்படியும் அதிலேயே கிடைத்துவிடும். மாதம் ஒருமுறை, பள்ளி விடும் நேரத்தில், ஒரு பிள்ளை தன் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கொட்டாங்குச்சி விளையாட்டை ஆடிக் காட்டட்டும். வீட்டில் ஆடத் தெரிந்துகொண்டு போவார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். திங்கட்கிழமை அந்த இரண்டு சோதனைகளை மட்டும் செய்யுங்கள்: எட்டுக் கல், பரப்பிய வரிசை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு நிமிடம் ஆகும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு குழு பிரியுங்கள். இரண்டாம் வகுப்பில் இருக்கும் சில பிள்ளைகள் முதல் வகுப்புக் குழுவோடு உட்கார வேண்டியிருக்கும். அவர்கள் முகம் வாடாமல் இருக்க, அந்தக் குழுவில் பொருள் கொடுத்து வாங்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படையுங்கள். குச்சிக் கட்டு அதற்கு அடுத்த வாரம் வரட்டும்.